குதிரை திருடப் போகலாம்

செஞ்சிக் கோட்டையில் நானும் சேகரும் கைடுகள். என் பேச்சை ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பயணிகள் முன்னாலேயே சொல்லிச் சிரித்தவன் அவன். பழிவாங்கக் காத்திருந்தேன்.

ஒரு ஜெர்மன் பெண்மணி அவனைப் பாராட்டித் தம் மொழியில் எழுதித் தந்ததை, ஆங்கிலமாக்கச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தான். எனக்கு ஜெர்மன் தெரியும். ‘இவரோடு குதிரை திருடப் போகலாம்’ என்றிருந்தது. எதற்கும் நம்பலாம் என்பதை ஜெர்மனியில் அப்படித்தான் சொல்வார்கள். தெரிந்தே, குதிரை லாயத்து நிழலில் உட்கார்ந்து, பொருளை விட்டுவிட்டு, திருட்டை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன்.

படித்ததும் சேகருக்கு முகம் செத்துப்போனது.

“நான் இன்னா திருடினேன்? நீ சரியாப் பாத்தியா?”

“அவங்க எழுதினதுதான்” என்றேன்.

“இங்கிலீஷ்தான் உனக்கு வராது. ஜெர்மன்ல தப்பு பண்ண மாட்டே” என்று தாளை மடித்துக்கொண்டு போனான்.

இனித்தது. இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பெண்மணி எழுதியது சரிதான். அவனோடு குதிரை திருடப் போகலாம். என்னோடு போனால் காட்டிக்கொடுத்துவிடுவேன்.