வாசகர் கூப்பிட்ட பெயர்

எழுத்தாளர்கள் இணையத்தின் வழியாக வாசகர்களோடு நெருங்குவது எப்படி என்று பேச வேண்டுமாம். போன வாரம் இங்கே தில்லியில் ஓர் இலக்கிய அமைப்பிலிருந்து கூப்பிட்டார்கள். "உங்களுக்குத்தான் சார் அந்த அனுபவம் இருக்கு" என்றார் பேசியவர். இருக்கிறது. அதனால்தான் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

வங்கி வேலை, ஜனக்புரியில் வீடு, மனைவி, ஒரே மகள். என் இரண்டாவது சிறுகதைத் தொகுப்பு விற்காமல் கட்டுக்கட்டாகக் கிடந்தபோது, சென்னையிலிருந்து என் பதிப்பாளர் ஒரு வழி சொன்னார்.

"வலைப்பூ ஒண்ணு ஆரம்பிங்க சார். அதுல கதை போடாதீங்க, ஒருத்தனும் படிக்க மாட்டான். வீட்டுல நடக்கறதை எழுதுங்க. சமையல், உங்க பொண்ணு, தில்லிக் குளிரு. வாசகன் உங்களைச் சொந்தக்காரனா நினைக்கணும். அப்பத்தான் புஸ்தகம் நகரும்."

ஆரம்பித்தேன். ஒரு கதைக்கு ஒரு கடிதம் வருமா என்று மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவன் நான். இங்கே காலையில் எழுதிவிட்டுப் போனால், மாலையில் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பின்னூட்டம் வந்து கிடந்தது. மகளைப் பற்றி எழுதினால் இன்னும் அதிகம். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. குழந்தையாக இருந்தபோது தனக்குத் தானே வைத்துக்கொண்ட, அர்த்தமே இல்லாத ஒரு செல்லப் பெயரால்தான் வீட்டில் அவளைக் கூப்பிடுவோம். பள்ளியில் அது யாருக்கும் தெரியாது. உண்மைப் பெயரை ஊருக்குச் சொல்வது பாதுகாப்பில்லை என்று நினைத்து, வலைப்பூவில் அந்தப் பெயரைத்தான் எழுதினேன்.

"நீங்க கதை எழுதினப்ப நான் ஒருத்திதான் வாசகி" என்பாள் மனைவி. "இப்ப ஊரெல்லாம் இருக்காங்க. எனக்கு விடுதலை."

பள்ளிப் பேருந்து காலனி கேட்டில் நிற்கும். பக்கத்தில் ஒரு கொய்யாப்பழ வண்டி. மகள் இறங்கியதும் மசாலா உப்பு தூவிய கொய்யாவை வாங்கிக் கடித்துக்கொண்டே நடந்து வருவாள். இதையும் எழுதியிருந்தேன். அதற்கு நிறையப் பின்னூட்டம் வந்தது.

அன்று அவள் வரவில்லை. மனைவி வங்கிக்குப் போன் செய்தாள். "பஸ் வந்துட்டுப் போயிடுச்சுங்க. இவளைக் காணோம்." நான் போய்ச் சேர்ந்தபோது கொய்யாக்காரர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: "வோ தோ அங்கிள் கே சாத் கயீ, சாப். ஆப்கீ போலி போல் ரஹே தே." யாரோ அங்கிள் வந்தாராம். எங்கள் பாஷையில் பேசினாராம். அதனால் அவர் எங்கள் ஆள்தான், கூட அனுப்பலாம்.

எங்கள் பாஷை. தில்லி பஸ்ஸில் யாராவது தமிழில் பேசினால் திரும்பிப் பார்த்து எந்த ஊர் என்று கேட்கிறவர்கள் நாங்கள். "எங்கயாவது வழி தெரியலைன்னா தமிழ் பேசறவங்க யாராவது இருக்காங்களா பாரு" என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருந்தோம். காவல் நிலையத்திலும் அதே பாட்டு. "மதராசி தா? ரிஷ்தேதார் ஹோகா" என்றார் மேசையில் இருந்தவர். தமிழன் என்றால் சொந்தக்காரனாகத்தான் இருப்பான், வீட்டுக்குப் போய்ப் பார் என்று அனுப்பிவிட்டார்.

இருட்டத் தொடங்கியபோது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மகள் இறங்கினாள். பின்னாலேயே என் வயதில் ஒருவர், கையில் இனிப்புப் பெட்டி, முகமெல்லாம் சிரிப்பு.

"சார்! நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

நான் சொல்வதற்கு அவர் காத்திருக்கவில்லை. தன் புனைபெயரைச் சொன்னார். என் ஒவ்வொரு பதிவுக்கும் முதல் ஆளாகப் பின்னூட்டம் போடுகிறவர். ஆபீஸ் வேலையாகப் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார். "சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பாப்பாவைப் போன் பண்ண வேணாம்னுட்டேன். மசால் தோசைன்னா உசிருன்னு எழுதியிருந்தீங்களே, கரோல்பாக் கூட்டிட்டுப் போனேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஓடி வந்துட்டா, சமத்து!"

செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிடாமலே உள்ளே வந்தார். "ஓ, நீங்க எழுதின பிரம்பு நாற்காலி இதுதானா!" என்று அதில் உட்கார்ந்தார்.

சட்டையைப் பிடித்து எழுப்பினேன். "என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக நீ யாருய்யா?"

"சார், நான் உங்க வாசகன் சார். பாப்பா எனக்கும் பொண்ணு மாதிரி."

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். "மாதிரியும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். உங்க பொண்ணை எவனோ இப்படிக் கூட்டிட்டுப் போனா, வந்ததும் உக்கார வெச்சுக் காப்பி குடுப்பீங்களா? கெளம்புங்க."

அவர் முகத்தில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. மனம் புண்பட்டவராகத்தான் போனார். அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாளே தன் வலைப்பூவில் எழுதிவிட்டார், எழுத்தில் அன்பு, நேரில் ரௌடித்தனம் என்று. கீழே வரிசையாகப் பின்னூட்டங்கள். வாசகரை மதிக்கத் தெரியாதவன் என்றார்கள். அவள் எங்களுக்கும் பிள்ளைதான் என்றார்கள். அதுதான் ஒன்றும் நடக்கவில்லையே, பிறகென்ன இவ்வளவு கோபம் என்று ஒருவர் கேட்டார். அந்தச் சில மணி நேரத்தில் நானும் மனைவியும் எதையெல்லாம் நினைத்தோம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பதிப்பாளர் போன் செய்தார். "நடந்ததை அப்படியே எழுதுங்க சார், கூட்டம் பிச்சுக்கும்." அவருக்கு நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

என் வீட்டை நான் எழுதினால், அது கதவைத் திறந்து வைத்ததாகிவிடுமா? படிக்கிறவனுக்குப் படிக்க மட்டும்தான் கொடுத்தேன்.

மகள் ஒன்றுதான் கேட்டாள். "அந்த அங்கிளுக்கு என் வீட்டுப் பேர் எப்படிப்பா தெரியும்?"

அவள் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போதே என் தோளில் சாய்ந்து திரையைப் பார்த்திருக்கிறாள். "படிச்சுக் காட்டு" என்றாள். காட்டினேன். முதலில் சிரித்தாள். கணக்குப் பரீட்சைக்கு அழுதது வந்தபோது சிரிப்பு நின்றது. கொய்யா வந்தபோது, "யே பீ? இதையுமா எழுதினே?" என்றாள்.

"ஆமா."

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து நின்றாள். "இனிமே என்னை யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. நீயும்தான்."

அன்றே வலைப்பூவை மூடினேன். ஆனாலும் மின்னஞ்சல் வருகிறது. செல்லப் பெயரைக் குறிப்பிட்டு, எப்படி இருக்கிறாள், எவ்வளவு வளர்ந்துவிட்டாள், ஒரு படம் போடக் கூடாதா என்று உரிமையோடு கேட்கிறார்கள். ஒன்றுக்கும் பதில் எழுதுவதில்லை.

போன வாரம் அந்த அழைப்பு வந்து, போனை வைத்த ஆத்திரத்தில், தண்ணீர் கேட்க வாய் தவறிப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அறையிலிருந்து வேகமாக வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வாசல் கதவைப் பார்த்தாள், தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று.