தாம்பூலத் தட்டில் சொத்தைப் பாக்கு

ஜெமினி மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டில் அக்காவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எங்கள் மாமா. முறைமாமன் இருக்க வெளியில் எதற்கு என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அவள் பேசினால் அப்பா வாயே திறக்க மாட்டார்.

என் தம்பிகள் இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. கிரகணத்தன்று அம்மா காய் நறுக்கியதால் வந்த வினை என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அம்மா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

அன்று தட்டு மாற்றப் போகும்போது, அதிலிருந்த கொட்டைப்பாக்கை அம்மா அள்ளித் தரையில் வைத்தாள்.

"இன்னாடி இது, நல்ல நேரத்துல?" என்றாள் அத்தை.

"ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க அண்ணி. ஆளுக்கு ரெண்டு பாக்கு கீதுன்னு வச்சுக்க. ஒண்ணு சொத்தைன்னா வெளியில தெரியாது, இன்னொண்ணு காப்பாத்திடும். புள்ளைக்கு ஆயிகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பன்கிட்டேர்ந்து ஒண்ணு. ரெண்டும் சொத்தையா வந்துட்டா காது போச்சு. சொந்தத்துல கட்டினா ஒரே சொத்தை ரெண்டு பக்கமும் இருக்கலாமாம். நானும் மாமன் மவனத்தானே கட்டிக்கினேன்?"

"அப்ப கிரகணம்?"

"ரெண்டு புள்ளைக்கும் ரெண்டு கிரகணமா அண்ணி?"

வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா மட்டும் பயந்துபோய், "என்னுது எப்டிக்கா?" என்றார்.

"உன்னுதும் தெரியாது, இவளுதும் தெரியாது. தெரியாம நான் கட்டிக் குடுக்க மாட்டேன்டா."

மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்ப மாப்பிள்ளை தேடுறது என் வேலை," என்றார். குனிந்தே இருந்த அக்கா நிமிர்ந்தாள்.

அத்தை விடவில்லை. "சொத்தை உன்னுதுடி. என் தம்பி மேல ஏன் போடுறே?"

அப்பா எழுந்து வந்தார். கிடந்ததில் ஒரு சொத்தைப் பாக்கைப் பொறுக்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். "இது என்னுதுக்கா."

அத்தை வெடுக்கென்று எழுந்து வாசலுக்குப் போனாள். ஜெயித்துவிட்டோம் என்று தம்பிகளுக்குக் கைஜாடை காட்டிக் குதித்தேன். திரும்பினால், அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். அப்பா ஒரு பாக்கைத்தானே எடுத்து வைத்தார், அதற்குப் போய் இப்படி அழுவாளா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.