பாட்டிலில் மூன்று கெளுத்தி

எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி வந்ததில் யாருடைய விருப்பமும் இல்லை. அப்பாவோடு பொம்மசந்திரா ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் ஒருவர் மாற்றலாகிப் போனபோது, எடுத்துப்போக வழியில்லாமல் அதை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். இரண்டடி நீளத் தொட்டி, குமிழி விடும் சின்ன மோட்டார், ஒரு கோணி மணல். அம்மா அதில் அரிசி கொட்டிவைக்கலாம் என்றாள். எனக்கு எட்டு வயது. இரண்டு நாள் விடாமல் அழுது அரிசியைத் தோற்கடித்தேன்.

மீன் வாங்க அப்பா என்னைச் சிவாஜிநகருக்கு அழைத்துப்போனார். வாலாட்டித் திரியும் கப்பிகளை எடுத்த பிறகு, தொட்டியின் அடியில் மணலை முகர்ந்துகொண்டிருந்த பழுப்பு மீன்களைப் பார்த்தேன். என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். வாயோரத்தில் குட்டி மீசை. கெளுத்தியில் ஒரு சாதி என்றார் கடைக்காரர். கெளுத்தி என்றால் அப்பாவுக்குக் குழம்புதான் தெரியும். இதற்கு மேல் வளராதா என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டுவிட்டு, ஒன்று போதும் என்றார்.

"ஒண்டியா குடுக்கமாட்டேன் சார். பயந்துனு மூலைல பூந்துக்கும். மூணாச்சும் எடுத்துக்கோங்க, பாப்பா ஆசப்படுது பாருங்க."

அந்த மூன்றும் எங்கள் வீட்டிலேயே ஒழுங்கானவை. யாரோடும் சண்டை இல்லை. கப்பிகள் சாப்பிட்டு மிச்சம் விழுந்ததை மணலில் துழாவித் தின்னும். பக்கத்தில் பக்கத்தில் வயிறு ஒட்டிப் படுத்திருக்கும். திடீரென்று ஒன்று அம்புபோல மேலே போய் ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு வரும். உடனே மற்ற இரண்டும் போய்வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது இல்லாமல் எனக்குப் பால் இறங்காது.

அந்த டிசம்பரில் காவிரித் தண்ணீரை வைத்து நாங்கள் இருந்த கன்னட ஊரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடம் லீவு என்பதுதான். அப்பா வாசலில் இருந்த பெயர்ப்பலகையை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினார். ஜன்னல் ஓரமாகக் கிடந்த தமிழ்ப் பத்திரிகைகளை அம்மா கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தீபாவளிக்குத்தானே வீட்டை ஒழித்துச் சுத்தம் பண்ணுவார்கள், இப்போது எதற்கு என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை பக்கத்து வீட்டு அங்கிள் வந்தார். கன்னடக்காரர். சொந்தமாக வேன் ஓட்டுபவர். பின்தெருவில் ஒரு கடையைக் கொளுத்திவிட்டார்கள், இனி இங்கே இருக்க வேண்டாம், ஓசூரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். ஓசூரில் என் பெரியம்மா இருந்தாள். குடும்பமாகப் போவதுபோல் இருக்கட்டும் என்று ஆன்ட்டியும் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். எனக்கு ஒரே குஷி.

"மீனு?" என்றேன்.

"ஏய், அதெல்லாம் எடுத்துனு வரமுடியாது. பேசாம ஏறு," என்றார் அப்பா.

ஆன்ட்டி தினமும் வந்து தீனி போடுவதாகச் சொன்னாள். அவளை நம்பிக் கப்பிகளை விட்டேன். கெளுத்திகளை விட மனசு வரவில்லை. எல்லோரும் துணிமூட்டையோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில், அகலவாய்ப் பாட்டில் ஒன்றில் தொட்டித் தண்ணீரை மொண்டு, மூன்றையும் அதில் விட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சால்வைக்குள் மறைத்துக்கொண்டு ஏறினேன்.

வேன் கிளம்புமுன் அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "யாரு என்னா கேட்டாலும் வாயத் தொறக்கக்கூடாது. தெரிதா?"

அப்பாவுக்கும் அதே கட்டளைதான், அதைப் போட்டவர் அங்கிள். அப்பாவின் கன்னடம் வாயைத் திறந்ததுமே அவர் பிறந்த வேலூரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சந்தாபுராவில் ரோட்டின் குறுக்கே கல்லை அடுக்கியிருந்தார்கள். டயர் எரிந்த கரும்புகை. பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வேனைச் சூழ்ந்தார்கள். யாரு இவரெல்லா என்று ஒருவர் கேட்க, "நம்ம மனெயவரு. மதுவெகெ ஹோக்தாயிதீவி," என்றார் அங்கிள். எங்கள் வீட்டு ஆட்கள், கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பொருள். அப்பா நேராகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. யாருக்குக் கல்யாணம் என்று நான் யோசித்தேன்.

வேன் நின்றதில் பாட்டில் குலுங்கியிருக்கும் என்ற கவலையில் சால்வையை விலக்கி மடியில் நிமிர்த்தி வைத்தேன். என் பக்கத்து ஜன்னலில் ஓர் இளைஞர் குனிந்தார். இருபது வயது இருக்கும். கையில் சைக்கிள் செயின் சுற்றியிருந்தார்.

"ஏனிது?" என்று கேட்டார், இது என்ன என்று.

"மீனு," என்றேன். கன்னடத்திலும் அதே சொல்தான். அம்மாவின் விரல்கள் என் தொடையில் பதிந்தன. கெளுத்தி ஒன்று விர்ரென்று மேலே போய்க் காற்றைக் குடித்துவிட்டு இறங்கியது. அவர் முகம் சட்டென்று சின்னப்பையன் முகம்போல ஆகிவிட்டது.

"மீசெ இதெயல்லா!" என்று அதன் மீசையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "எஷ்டிதெ?"

எத்தனை என்று கேட்டார். தெருவில் நாளெல்லாம் கன்னடத்தில் விளையாடுகிறவள்தான் நான்; ஆனால் எண்ணும்போது மட்டும் எனக்குத் தமிழ்தான் வரும்.

"மூணு," என்றேன்.

கன்னடத்தில் அது மூரு. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை, பிறகு அப்பாவின் பின்னந்தலையை. முன்பக்கமிருந்து யாரோ அவரை ஏதோ கேட்டார்கள். அவர் நிமிர்ந்து, வேனின் தகரத்தை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்.

"நம்மோரே கணோ! பிடு, ஹோக்லி!"

நம்ம ஆட்கள்தான், விடு, போகட்டும். இரண்டு பேர் கல்லை நகர்த்தினார்கள். வேன் மெதுவாக நகர்ந்து, பிறகு வேகமெடுத்தது. எல்லையைத் தாண்டி ஓசூர் வந்து சேர்ந்தோம். பெரியம்மா வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா அங்கிளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. கன்னடத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. ஆன்ட்டி தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அம்மாவுக்கு வைத்துவிட்டு, மறுபடி வேனில் ஏறிக்கொண்டாள்.

கெளுத்திகள் பெரியம்மாவின் பிளாஸ்டிக் டப்பில் இரண்டு வாரம் சௌக்கியமாக இருந்தன. பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் நான் வழியில் நடந்ததைச் சொன்னேன். அந்த அண்ணனுக்கு என் மீனை ரொம்பப் பிடித்துவிட்டது, ஆனால் பாவம், காதுதான் சரியாகக் கேட்காது. நான் தமிழில் மூணு என்றேன், அவர் கன்னடம் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார் என்பேன். அவரை ஏமாற்றிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கேட்டவர்கள் சிரிக்கவில்லை. அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். வாயைத் திறந்ததற்காக அழுகிறாள் என்று நினைத்து, இனிமேல் பேசமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருடங்கள் ஆகவேண்டியிருந்தது.