வெள்ளிக்கிழமை ருசி

கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் இரண்டே வரி. ஆள் தேவை. இன்ஷூரன்ஸ் உண்டு. இரண்டாவது வரி இல்லையென்றால் பார்சலைக் கொடுத்துவிட்டுக் காரைத் திருப்பியிருப்பேன்.

அப்போது நான் பார்சல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் வேலை. அதற்கும் முன், கல்யாணமான புதிதில், மதுரையில் ஒரு தினசரியில் உதவி ஆசிரியர். கம்பெனி எங்கள் குழுவையே மூடிவிட்டது. கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் இன்னும் கொஞ்ச நாள்தான் ஓடும். என் மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அவள் உடம்பில் இன்சுலின் சுரக்காது, போட்டுக்கொண்டால்தான் உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாமல் அதை வாங்க இந்த ஊர் விலையில் எங்களால் முடியாது. அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிகள் இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் எத்தனை மிச்சம் என்று பார்ப்பேன். என் மனைவியும் பார்ப்பாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஒரு இந்திய மளிகைக் கடையில் பாதி நேரம் நிற்கிறாள். அங்கே இன்ஷூரன்ஸ் கிடையாது.

நான் போன இடம் ஒரு போலந்துக் குடும்பம் நடத்தும் சாஸேஜ் கடை. முன்னால் கடை, பின்னால் பட்டறை. முதலாளியம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மகன் என் வயதுக்காரன். ஈஸ்டர் கூட்டத்துக்காக என்னையும் சேர்த்து நான்கு பேரை எடுத்திருந்தார்கள். ஈஸ்டர் முடிந்ததும் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வோம், அவருக்குத்தான் இன்ஷூரன்ஸ் என்று மகன் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டான்.

மெஷினிலிருந்து குடல் உறைக்குள் கறி நிரம்பி நீளமாக வரும். அதை ஒரே அளவில் பிடித்து, முறுக்கி, கம்பியில் தொங்கவிட வேண்டும். குளிரூட்டிய அறை. கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். மற்ற மூவரும் ஈக்வடார்க்காரர்கள், கறிக்கடையில் பழகியவர்கள். நான் முறுக்கியது கம்பிக்குப் போகும் முன்பே பிரிந்துகொண்டது.

முதலாளியம்மா பின்னால் வந்து நின்றாள். "என் புருஷன் செத்துப் பல வருஷம் ஆச்சு. அவர் இதைவிட வேகமா கட்டுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வேகத்தில் போனால் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கலவையையும் உறையில் அடைக்கும் முன் கொஞ்சம் கிள்ளி, வடை போலத் தட்டி, இரும்புச் சட்டியில் பொரித்து ருசி பார்ப்பார்கள். அடைத்துவிட்டால் திருத்த முடியாது. அச்சுக்குப் போகும் முன் புரூஃப் பார்ப்பது போல என்று நினைத்துக்கொண்டேன். மென்று பார்த்துவிட்டு, பேப்பர் கப்பில் துப்பிவிடுவார்கள். நாளெல்லாம் பார்க்க வேண்டியிருப்பதால் யாரும் விழுங்குவதில்லை.

புதன்கிழமை காலை சர்ச்சுக்குப் போய்விட்டு எல்லோரும் நெற்றியில் சாம்பலோடு வந்தார்கள். முதலாளியம்மாவுக்கு நடு நெற்றியில் கறுப்பாக ஒரு சிலுவை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு அன்று தொடங்குகிறது என்றார்கள். அன்று கலவை போடவில்லை, சட்டியும் அடுப்பில் ஏறவில்லை. மதியம் மகன் என்னைக் கூப்பிட்டான்.

"நீ கத்தோலிக்கன் இல்லையே?"

"இல்லை."

"நல்லது. நோன்பு முடியுற வரைக்கும் வெள்ளிக்கிழமை நாங்க யாரும் கறியை வாயில வைக்க மாட்டோம். துப்பினாலும் தொட்டது தொட்டதுதான்னு அம்மா சொல்வாங்க. ஆனா சனிக்கிழமை வாசல்ல க்யூ நிக்கும், வெள்ளிக்கிழமை கலவை போட்டே ஆகணும். பக்கத்து டயர் கடைக்காரர்தான் வந்து பார்த்துட்டிருந்தார். அவர் புளோரிடாவுக்குப் போயிட்டார். இனிமே நீ பாரு. உங்க மதத்துல தடை ஒண்ணும் இல்லையே?"

"இல்லை" என்றேன்.

எங்கள் வீட்டில் ஆடு, கோழி எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாது. ஊரில் அது வெறும் பழக்கமாக இருந்தது. மகள் மயங்கி விழுந்து ஐ.சி.யூ.வில் கிடந்த ராத்திரி அது வேண்டுதலாகிவிட்டது. இனி வீட்டில் யாரும் வெள்ளிக்கிழமை அசைவம் தொட மாட்டோம், பிள்ளையைக் கொடுத்துவிடு என்று மனைவி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். மூவருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஸ்கூலில் வெள்ளிக்கிழமை சிக்கன் பீட்சா கொடுத்தால் மகள்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

முதலாளியம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அந்தப் பட்டறையிலேயே அவளுக்குத்தான் அது முதலில் புரிந்திருக்கும். புரிந்து, சரி நீ பார்க்க வேண்டாம் என்றிருப்பாள். பிறகு நான் மெதுவாக முறுக்குகிறவன் மட்டும்தான்.

இரண்டு ராத்திரி துப்புவதைப் பற்றியே யோசித்தேன். விழுங்கவில்லையென்றால் தொட்டதாகுமா? முதலாளியம்மா ஆகும் என்கிறாள். முருகன் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மகன் சட்டியில் பொரித்து, ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினான். பக்கத்தில் பேப்பர் கப். முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பன்றிக் கறி, மிளகு, பூண்டு, மார்ஜோரம் என்ற ஒரு காய்ந்த இலை. மென்றேன். கப்பைக் கையில் எடுத்தேன். அதற்குள் தொண்டை விழுங்கிவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சூடாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

"சொல்லு" என்றாள்.

"உப்பு சரி. பூண்டு கொஞ்சம் தூக்கல்."

"போலந்துக்காரிகிட்ட வந்து பூண்டு அதிகம்கிறான் பாரு!" என்றான் மகன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த கலவைக்குப் பூண்டைக் குறைக்கச் சொன்னாள். அதில் உப்பு குறைவு என்றேன். ஒரு பிடி போட்டாள். அன்று நான் சொன்னதைச் சரிபார்க்க அந்த அறையில் வேறு நாக்கு இல்லை. ஒவ்வொரு துண்டையும் விழுங்கினேன். ஒன்று உள்ளே போன பிறகு மற்றதைத் துப்பி என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, வாய் கொப்பளித்து, பல் தேய்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் முதலாளியம்மா வெள்ளிக்கிழமை சாஸேஜில் ஒன்றை வேகவைத்து, நின்றபடியே முழுதாகத் தின்றாள். முறுக்கிக்கொண்டிருந்த நான் அவள் தாடையையே பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. ஈக்வடார்க்காரர்களில் இளையவன் எனக்கு இரண்டு மடங்கு முறுக்கினான். வீட்டில் பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமையும் விழுங்கினேன். சாயங்காலம் ஏப்ரனைக் கழற்றும்போது முதலாளியம்மா வந்தாள்.

"உன் கை உதவாது. நாக்கு உதவும். நோன்பு முடிஞ்சாலும் எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான், வருஷம் பூரா. எனக்கு ஆள் வேணும். ஈஸ்டர் வரைக்கும் காக்க வேண்டாம், இன்ஷூரன்ஸ் ஒண்ணாம் தேதியிலிருந்து. திங்கட்கிழமை பையன்கிட்ட பொண்டாட்டி, பிள்ளை பேரைக் கொடு."

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அன்று பெட்ரோல் பங்க்கில் நிறுத்தாமல் நேரே வீட்டுக்கு ஓட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி விளக்கேற்றி முடித்திருந்தாள். மகள் மேஜையில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். "அப்பா, யூ ஸ்மெல் லைக் ஸ்மோக்" என்று மூக்கைப் பொத்தினாள்.

"இன்ஷூரன்ஸ் குடுத்துட்டாங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து" என்றேன்.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, விபூதித் தட்டை எடுத்து வந்தாள்.

"நான் சொன்னேன்ல? நாம வெள்ளிக்கிழமை இருந்தது வீண் போகலைங்க. அவன் பார்த்துட்டுத்தான் இருந்திருக்கான்."

குனிந்தேன். அவள் விரல் என் நெற்றியில் அழுத்திப் பூசியது. வாய்க்குள் பூண்டு இன்னும் இருந்தது. அவளுக்கு வாடை தெரியக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க, சாப்பிடலாம். காலையிலேர்ந்து பட்டினி கிடந்திருப்பீங்க."

"நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். மகள் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்வதற்காக ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.