கடைசி வரியில் முனீஸ்வரி

"இதுல எங்க முனீஸ்வரி பேரு எங்கிட்டு இருக்கு ஆத்தா?"

மொக்கம்மாள் பெரியம்மா இப்படிக் கேட்டது 2023 டிசம்பர் 26, விடியற்காலை. முனீஸ்வரி யாரென்றே எனக்குத் தெரியாது.

போடி ஜீப் ஸ்டாண்டில் அப்துல் சமது அண்ணன் டீக்கடை வைத்திருக்கிறார். கடை திறந்ததும் ஒரு கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' என்று எழுதி வைப்பார். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு ஏலக்காய் எடுக்கப் போக ஆரம்பித்த நான், ஜீப் கிளம்பும்வரை அதை உரக்கப் படிப்பேன். எழுத்துத் தெரியாத பெண்கள் டீ குடித்தபடி கேட்பார்கள். அன்று பலகையில் சுனாமி. முனீஸ்வரி தன் மகள், அதே நாளில் செத்துப்போனவள் என்றார் பெரியம்மா.

"உங்க மக கடலுக்கா போயிருந்துச்சு பெரியம்மா?"

"கடலா? அவ கம்மாயத் தாண்டித் தண்ணியே பாத்ததில்ல."

ஜீப் மலை ஏறும்போது சொன்னார். ராசிங்காபுரத்தில் அவரும் மகளும் மட்டும். மகளுக்குப் பதினேழு வயது. 2004இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்ததால் எஸ்டேட்டில் விடுமுறை விட்டு, அதற்கு ஈடாக ஞாயிறு வேலைக்கு வரச் சொன்னார்கள்.

"ஞாயித்துக்கெழமையாச்சும் தூங்குறேம்மான்னா. நாந்தான் தண்ணியத் தெளிச்சு எழுப்பிவிட்டேன்."

போடிமெட்டு வளைவில் ஜீப் உருண்டது. பின்னால் தொற்றியிருந்த தாய் புதரில் விழுந்து பிழைத்தார். உள்ளே இருந்த மகள் பிழைக்கவில்லை.

"ஆசுபத்திரி வாசல்ல, டீக்கடை டிவி முன்னால சனம் பூராம் நின்னு அழுவுது. என் புள்ளைக்குத்தான் அழுவுறாகன்னு நெனச்சேன். ஒரு பொம்பள எங்கையப் புடிச்சு, 'எத்தன உசுரு போச்சோ'ன்னு அழுதா. ஒண்ணுதான்த்தா, எனக்கு இருந்ததே ஒண்ணுதான்னேன்."

அவர்கள் கடலுக்காக அழுதார்கள் என்பது பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஆனாலும் அன்று செத்த எல்லோருக்கும் சேர்த்துத்தான் வருடாவருடம் கரையில் விளக்கேற்றுகிறார்கள் என்று நம்பினார். மகள் பேரையும் சொல்வார்கள் என்று டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்.

முன்னாலிருந்து டிரைவர் ஈஸ்வரன், "அழுதுகிட்டே காய் எடுத்தா ஏலக்காய் உப்புக் கரிக்கும் பெரியத்தா" என்றார்.

"நீ வளைவப் பாத்து ஓட்டுடா, எடுபட்ட பயலே."

அந்த விபத்தில் ஒடிந்த பெரியம்மாவின் இடது கை இன்னும் முழுதாக நீளாது. அந்தக் கையோடுதான் இருபது வருடமாகச் செடியின் தூரில் குனிந்து காய் எடுக்கிறார்.

மறுநாள் சமது அண்ணனிடம் கேட்டேன், அடுத்த வருடமாவது முனீஸ்வரி பேரை எழுதுவீர்களா என்று.

"பேப்பர்ல வந்ததத்தான் எழுதுறேன் பாப்பா. ஆளாளுக்குக் கேட்டா, இது வரலாறா, கண்ணீர் அஞ்சலி போஸ்டரா?"

மதுரைக்குப் போய் ஒரு நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். அந்த வாரம் முழுக்கப் பக்கத்துக்குப் பக்கம் கடல்தான். எங்கள் மலையின் ஜீப் ஒரு மூலையில்கூட இல்லை. திரும்பி வந்து சமது அண்ணனிடம், "பேப்பர்ல எடமில்லாமப் போச்சுண்ணே. ஒங்க பலகையில இருக்குல்ல?" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

2024 டிசம்பர் 26. பலகையில், 'சுனாமி: இருபது ஆண்டுகள்.' அடியில் நெருக்கி எழுதிய கடைசி வரி: 'அதே நாள் போடிமெட்டு ஜீப் விபத்தில் ராசிங்காபுரம் முனீஸ்வரி (17) மறைவு.'

வாசித்தேன்.

"இன்னொரு மட்டம் வாசி."

நான்கு தடவை வாசித்தேன். எந்த எழுத்து மகள் பேர் என்று கேட்டு, சாக்பீஸ் அழிந்துவிடாமல் விரலைத் தள்ளியே பிடித்து, அந்த வரியின் மேல் காற்றில் ஓட்டினார். ஈஸ்வரன் அன்று ஹாரன் அடிக்கவில்லை.

அடுத்த நாள் எனக்கு முன்னாலேயே வந்து பலகை முன் நின்றிருந்தார். அதில் லூயி பாஸ்டர் பிறந்த நாள் என்று இருந்தது. எந்த எழுத்தைத் தேடுவது என்று அவருக்குத் தெரியும். அது அங்கே இல்லை. சமது அண்ணன் கையில் ஈரத்துணி.

"இன்னைக்கு இருவத்தேழு ஆச்சேத்தா. நேத்து உள்ளத அழிச்சாத்தான் இன்னைக்கு எழுத முடியும்."

"அதுக்குள்ளயா?" என்றார் பெரியம்மா. டீயைத் தொடாமல் ஜீப்பில் ஏறினார். அதற்குப் பிறகு பலகையை வாசிக்கச் சொல்லி என்னிடம் கேட்டதே இல்லை.

ஈரத்துணி எட்டாத இடமாக இருக்கட்டும் என்றுதான் இதைத் தாளில் எழுதுகிறேன். டிசம்பர் 26 அன்று யாராவது கடலைப் பற்றிப் பேசினால், கடைசியில் முனீஸ்வரி பேரையும் ஒரு தடவை சொல்லுங்கள். கேட்டவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.