கயிறு சுருட்டுகிற பிள்ளை

நான் சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவன். மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கண் சற்றுச் சரிந்திருக்கும். பேச்சு மெல்ல வரும்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்து இரண்டாம் கிழமையே, போகமாட்டேன் என்று கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையும் இருப்பதில்லை. அவளிடமிருந்து தொத்திவிடும் என்று யாரோ வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நான் டீச்சரிடம் போனேன்.

"ஒரு பிள்ளை பக்கத்தில இருந்தாக் காணும், டீச்சர். இல்லாட்டி இவளைப் பள்ளிக்கு விடாமல் மறிச்சுப்போடுவன்."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. வெள்ளிக்கிழமை அவளோட வாங்கோ. நீளமான கயிறு ஒண்டும் கொண்டுவாங்கோ."

போனோம். வகுப்பில் மேசைக்கு முன்னால் சேலை கட்டியிருந்தது. டீச்சர் அதற்குப் பின்னால் குந்தியிருந்தார். காலுறையில் தைத்த பொம்மை ஒன்று எட்டிப் பார்த்தது. சரிந்த கண், இரட்டைப் பின்னல். என் மடியில் இருந்த மகள் பொம்மையைப் பார்த்தாள். பிறகு தன் பின்னலைத் தடவினாள்.

"எனக்கு டவுன் சிண்ட்ரோம். பிறக்கேக்கையே இப்பிடித்தான். என்னெண்டாலும் கேளுங்கோ," என்று மெல்ல மெல்லச் சொன்னது பொம்மை.

முன்பல் விழுந்த பெண்பிள்ளை ஒன்று எழும்பியது. "உன்னட்ட இருந்து தொத்துமோ?"

"தொத்தாது. உன்ர தடிமன்தான் எனக்குத் தொத்தும். மூக்கைத் துடை!"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டு துடைத்தாள்.

"ஏன் மெல்லமாக் கதைக்கிறாய்?" என்றான் பின்னால் இருந்த ஒருவன்.

"எனக்கு நேரம் வேணும். நீ பொறுத்தா முழுக்கக் கேக்கலாம்."

என்னிடம் யாரும் இப்படி நேரே கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திராது.

பிறகு கரைவலை விளையாட்டு. முற்றத்து மரத்தடியில் உரப்பை, அதற்குள் கடதாசி மீன். அதுதான் வலையின் மடி, மீன் சேருகிற பை. என் கயிற்றைப் பையில் கட்டி, பிள்ளைகள் வகுப்புக்குள் நின்று இழுத்தார்கள்.

"நானும் வாறன்," என்றது பொம்மை.

"உனக்கு ஏலாது, தள்ளு," என்றாள் பல் விழுந்தவள்.

கயிறு காலடியில் குவிந்தது. ஒருவன் தடுக்கி விழுந்தான். எல்லாம் கரைவலைக்காரர் பிள்ளைகள். அவர்களுக்குப் பொறுக்க முடியவில்லை.

"சிக்குது டீச்சர்! சுருட்ட ஆளில்ல!"

டீச்சர் பட்டணத்தில் இருந்து வருகிறவர். கரையில் ஓர் ஆள் பின்னால் குந்திக் கயிறு சுருட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பொம்மை வாயைத் திறந்தபடி நின்றது.

மகள் என் மடியில் இருந்து இறங்கினாள். பிடிக்கப் போனேன். விட்டுவிட்டேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் வலைக்குக் கயிறு சுருட்டுகிறது அவள்தான். குந்தினாள். சிக்கை எடுத்தாள். வளையத்துக்கு மேல் வளையம். அவசரமே இல்லை.

"மெல்ல... இழுங்கடா!"

அந்த வகுப்பில் அவள் சத்தம் அன்றுதான் கேட்டது. மெல்ல இழுத்தார்கள்.

பை வந்தது. பல் விழுந்தவள் மீன் பங்கு பிரித்தாள். இழுத்தவர்களுக்கெல்லாம் கொடுத்து, கடைசி மீனோடு மகளிடம் வந்தாள். எங்கள் கரையில் இழுக்கிறவனுக்கும் சுருட்டுகிறவனுக்கும் பங்கு ஒன்றுதான்.

"இந்தா, உன்ர பங்கு."

மகள் அவள் கையையும் சேர்த்துப் பிடித்தாள். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து மீனைத் தாயிடம் நீட்டினாள். "குழம்பு வை." என் மனுசி அதைச் சட்டியில் போட்டு மூடி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை வாசல் படலையடியில் பல் விழுந்தவளின் சத்தம்.

"கயிறு சுருட்டிற பிள்ளை! வாறியா? என்ர பக்கத்தில இரு, என்ன?"

மகள் சப்பாத்தைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். நான் மறிக்கவில்லை.