பிரம்மநாயகி கொட்டிய மூட்டை

மார்க்கெட்டில் பிரம்மநாயகிக்கு நல்ல பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைவ மெஸ் வைத்திருக்கிறாள். புருஷன் போன பிறகு ஒற்றையாளாய்ப் பார்க்கும் தொழில். விடிந்ததும் இரண்டு பைகளோடு காய்கறி மார்க்கெட்டுக்குள் நுழைவாள். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்ப்பாள். தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்குவாள். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

போன வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முதல் நாள், செல்லச்சாமியின் கமிஷன் கடையில் ஒரு மூட்டை கத்தரிக்காய் வாங்கினாள். மெஸ்ஸில் அவிழ்த்தால் மேலே மட்டும்தான் நல்ல காய். கீழே பூராவும் சொத்தை. மூட்டையை ஆட்டோவில் ஏற்றி அவர் கடைவாசலுக்கே கொண்டுவந்தாள்.

"அண்ணாச்சி, தபசு பாக்க வந்த சனத்துக்கு இதையா நான் ஆக்கிப் போட?"

"வாங்கும்போது அவுத்துப் பாத்திருக்கணும். இப்ப வந்து என்னத்துக்குச் சத்தம் போடுதிய?"

பிரம்மநாயகி மூட்டையின் அடியைப் பிடித்துக் கவிழ்த்தாள். புழுத்த காய்கள் திருவிழாக் கூட்டத்தின் கால்களுக்கிடையே உருண்டன. யாரோ சிரித்தார்கள். செல்லச்சாமி வியாபாரிகள் சங்கத்துத் தலைவர். மூட்டையைக் கொட்டியதைக்கூடப் பொறுத்திருப்பார். அந்தச் சிரிப்பை அவரால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் எந்தக் கடையிலும் அவளுக்குச் சரக்கு இல்லை.

"மலை மாதிரி குமிச்சு வச்சுக்கிட்டு இல்லைங்கியளே, பாய்?" என்று வெங்காயக் கடை நஜ்முதீனிடம் கேட்டாள்.

"எல்லாம் சொல்லி வச்சது அக்கா" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

அவளோ போவதை நிறுத்தவில்லை. தினமும் உள்ளே போய்க் கடை கடையாகக் கேட்டாள். ஒவ்வொருவனும் தன் வாயால் இல்லை என்று சொல்லட்டும் என்ற வீம்பு. ஒருநாள் மூட்டை தூக்குகிறவன் வேண்டுமென்றே இடித்துவிட்டுப் போனான். இன்னொரு நாள் காய் கழுவிய தண்ணீர் அவள் சேலையில் விழுந்தது. அவள் துடைத்துக்கொண்டு அடுத்த கடையில் நின்றாள்.

அடுப்புக்குக் காய் வேண்டுமே. பனவடலிசத்திரத்திலிருந்து கோகிலா என்ற, விவசாயம் பார்க்கும் சம்சாரிப் பெண் செல்லச்சாமி கடைக்குத் தக்காளியும் மிளகாயும் கொண்டுவருவாள். பஸ் ஸ்டாண்டில் அவளை மடக்கிப் பாதிச் சரக்கைப் பிரம்மநாயகி வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நாளில் செல்லச்சாமிக்குத் தெரிந்துவிட்டது. கோகிலாவின் கூடைகளை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார்.

"அவளுக்கே வித்துக்கோ. இங்கன ஒன் சரக்கு ஏறாது."

கோகிலா அழுதுகொண்டே மெஸ்ஸுக்கு வந்தாள். "ஒங்க சண்டையில என் பொழப்புல்லா போச்சு!"

பிரம்மநாயகி அடுப்பை அணைத்து மெஸ்ஸைப் பூட்டினாள். மார்க்கெட் வாசலில் சாக்கை விரித்துக் கோகிலாவையும் உட்காரவைத்து அவள் காயைக் கூவி விற்கத் தொடங்கினாள். உள்ளே போக வந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். செல்லச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எந்திரி. இது மார்க்கெட் வாசல்."

"கவர்மெண்டு ரோடு. ஒமக்குப் பட்டா இருந்தாக் கொண்டாரும், பாப்போம்."

"பொம்பளன்னு பாக்கேன்."

"பாக்காதீரும். என்ன செய்வீரோ செய்யும்."

கூடையை எத்தக் காலைத் தூக்கினார். காய் வாங்க நின்ற ஒரு பெண் செல்போனை அவர் பக்கம் நீட்டினாள். கால் தரைக்கு இறங்கியது. போகும்போது காறித் துப்பிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து காலை வியாபாரம் வாசலிலேயே நடந்தது. உள்ளே கூட்டம் குறைந்தது. மற்ற கடைக்காரர்கள் தலைவரிடம் முணுமுணுத்தார்கள். அவர் கோகிலாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அவள் சரக்கு மறுபடி கடையில் ஏறியது, பிரம்மநாயகியோடு சேரக்கூடாது என்ற பேச்சின் பேரில்.

கோகிலா மெஸ்ஸுக்கு வந்து நிலைப்படியைத் தாண்டாமலே நின்றாள்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய அக்கா. தெனமும் வெயில்ல கெடந்து சண்டை போட ஏலாது."

"போ. ஒன்ன யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

அடுப்பைப் பார்த்தபடியேதான் சொன்னாள். கோகிலா போன பிறகு அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். சாம்பார் அடிப்பிடித்தது. அன்று சாப்பிட வந்தவர்களிடம் காரணம் இல்லாமல் எரிந்து விழுந்தாள்.

பிறகு ஒருநாள் செல்லச்சாமியிடமிருந்து நஜ்முதீன் தூது வந்தார். ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் உள்ளே வந்து சரக்கு வாங்கலாமாம்.

"சொத்தையை வித்தவரு உள்ள உக்காந்திருக்காரு. வருத்தம் நான் சொல்லணுமோ? பாய், நீங்க காப்பி குடிச்சிட்டுப் போங்க. இந்தப் பேச்சு வேண்டாம்."

அவர் காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

இப்போது ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் காய் வாங்கி வருகிறாள். அலைச்சலில் கால் வீங்கிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் சில நாள் கோகிலா கூடை இறக்குவது கண்ணில் படும். "அக்கா, சாப்டியளா?" என்பாள். பிரம்மநாயகி காதில் விழாதது போல் பஸ்ஸில் ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள்.